பழைய ஜி.ஐ. லைனில் புது டேப்: சுவரைக் கொத்துவதற்கு முன்

கேள்வி: திருச்சியில் அம்மா வீடு, 1991-ல் கட்டியது. கீழே முழுக்கச் சுவருக்குள் போகும் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். 2012-ல் மாடி எடுத்தபோது டேங்கையும் மேலே ஏற்றி, மாடிக்கு மட்டும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டோம். போர் தண்ணீர்தான். அம்மாவால் இனி கையால் துவைக்க முடியாது என்று ஃப்ரன்ட் லோடு மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறோம். பின்கட்டில், பாத்ரூம் சுவருக்கு வெளிப்பக்கம் இடம் பார்த்தாயிற்று. அங்கே டேப் இல்லை. ஒரு பிளம்பர், பாத்ரூம் சுவரைக் கொஞ்சம் கொத்தி டீ (கிளை பிரிக்கிற T வடிவ இணைப்பு) போட்டு வெளியே எடுத்துவிடலாம், அரை நாள் வேலை, 2,500 ரூபாய் என்கிறார். இன்னொருவர், இந்தப் பைப்பைத் தொட்டால் வீடு முழுக்க மாற்ற வேண்டிவரும், 60,000 ஆகும் என்கிறார். என் மாமா, வாசலில் வரும் கார்ப்பரேஷன் பைப்பிலிருந்தே இழுத்துவிடு என்கிறார். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு டேப் உண்டு, ஆனால் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டாவது பிளம்பரின் பயம் நியாயமானது. ஆனால் அவர் சொல்கிற 60,000-ஐ இந்த ஒரு டேப்புக்காக இப்போது செலவழிக்கத் தேவையில்லை. முதலாமவர் கொத்தப் பார்க்கிற இடம்தான் தப்பு. மாமா சொல்வது வேண்டவே வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். என் யோசனை இதுதான்: சுவருக்குள் இருக்கிற ஜி.ஐ. பைப்பில் கை வைக்காதீர்கள். மொட்டைமாடியில் வெளியே தெரிகிற சி.பி.வி.சி. லைனில் டீ போட்டு, வீட்டின் பின்சுவர் வழியாகத் தனி லைன் ஒன்றை மெஷினுக்கு நேரே இறக்கிவிடுங்கள்.

சுவருக்குள் டீ போடுவது ஏன் வில்லங்கம்? ஜி.ஐ. பைப்பில் ஒட்டும் வேலை கிடையாது, எல்லாமே மரை. நடுவில் டீ நுழைக்க வேண்டுமானால் பைப்பை அறுத்து, அறுத்த இரண்டு முனைகளிலும் மரை போட வேண்டும். மரை போடுகிற டை செட்டைச் சுற்ற இடம் வேண்டும். சுவருக்குள் அதற்கு ஏது இடம்? அதனால் பெரும்பாலும், அறுத்த துண்டைப் பக்கத்து எல்போ (பைப் திரும்புகிற வளைவு இணைப்பு) வரைக்கும் கழற்றி எடுத்து, வெளியே வைத்து மரை போட்டுக் கொண்டுவந்து, ஒரு யூனியன் (நடுவில் கழற்றி மாட்டுகிற இணைப்பு) வைத்து மாட்டுவார்கள். இரண்டு வருடப் பைப்பில் இது பிரச்சினையே இல்லை. உங்களுடையது முப்பது வருடத்தைத் தாண்டியது. ரிஞ்சு போட்டுத் திருகினால் எல்போவில் பிடித்திருக்கும் மரை அவிழாது, அறுந்து எல்போவுக்குள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்க அடுத்த எல்போ வரை கொத்த வேண்டும். அதுவும் அறுந்தால் அதற்கடுத்தது. இரண்டாவது பிளம்பர் சொன்னாரே, தொட்டால் மொத்தமும் போகும் என்று, அது இப்படித்தான் நடக்கும்.

அளவு தெரிந்தால் காரணம் புரிந்துவிடும். நீலப் பட்டை போட்ட பி கிளாஸ் அரை இன்ச் பைப்பின் கனம் 2.6 மில்லிமீட்டர். மரை வெட்டும்போது அதில் 1.16 மில்லிமீட்டர் போய்விடும். மிச்சம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. மேலே இருந்த துத்தநாகப் பூச்சும் வெட்டிய இடத்தில் போய்விடுவதால் துரு முதலில் பிடிப்பதே அங்கேதான். கட்டும்போது செலவைக் குறைக்க மஞ்சள் பட்டை போட்ட ஏ கிளாஸ் வாங்கியிருந்தார்கள் என்றால் பைப்பின் கனமே 2 மில்லிமீட்டர்தான். மரையின் அடியில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அதற்கு மேல் இத்தனை வருடப் போர் தண்ணீர். அது ஒழுகாமல் நிற்பதே யாரும் அதைத் தொடாததால்தான். போதாததற்கு 1991-ல் ஒட்டிய டைல்ஸுக்கு ஜோடியாக இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

சுவருக்கு வெளியே ஓடுகிற ஜி.ஐ. பைப் என்றால் நானே டீ போடச் சொல்லியிருப்பேன். அங்கே அறுக்கலாம், நின்ற இடத்திலேயே மரை போடலாம், அறுந்தால் அடுத்த துண்டை மாற்றலாம். சில பேர் பைப்பில் ஓட்டை போட்டு ரப்பர் வைத்துக் கிளாம்ப் இறுக்குகிற சாடில் போடுவார்கள். தோட்டத்து லைனுக்குப் பரவாயில்லை, வீட்டுச் சுவருக்குள் வைத்து மூடுகிற சாமான் அது இல்லை.

இனி துவைக்கிற கல் டேப்புக்கு வருவோம். கடிதத்தில் கடைசியாக, போகிற போக்கில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான தகவல். ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு, மற்ற டேப்பையெல்லாம் மூடிவிட்டு, கிச்சனில் அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது, பாத்ரூமில் எவ்வளவு, கொல்லையில் எவ்வளவு என்று போனில் நேரம் பாருங்கள். கொல்லை டேப்பின் தலையைக் கழற்றி உள்ளே வாஷர் ஊறிப்போய் வழியை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் டேப்பின் உடம்பைத் திருகாதீர்கள், பின்னால் இருக்கும் நிப்பிள் (மரை போட்ட குட்டிப் பைப்) முறியும். வாஷரில் குறை இல்லை, கிச்சனில் நன்றாக வருகிறது, கொல்லையில் மட்டும் நூல் என்றால் அந்தக் கிளை உள்ளுக்குள் துருவும் உப்பும் படிந்து அடைத்துவிட்டது. பாத்ரூமிலும் மந்தம் என்றால், முதலாமவர் சொல்கிற டீயை எவ்வளவு அழகாகப் போட்டாலும் மெஷினுக்கு வரப்போவதும் அதே மந்தத் தண்ணீர்தான்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. அடைத்த பைப்பிலும் டேப் மூடியிருக்கும்போது பிரஷர் குறைவதில்லை. டேங்க் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறதோ அத்தனை அழுத்தம் அங்கேயும் நிற்கும். திறந்த உடனே ஒரு வீச்சு வரும், பிறகுதான் நூலாக இளைக்கும். அந்த முதல் வீச்சைப் பார்த்துவிட்டுத்தான் பல பேர் “பிரஷர் சூப்பரா இருக்கு” என்று மெஷினை மாட்டிவிட்டுப் போகிறார்கள். குறித்த நேரத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை என்றால் மெஷின் எரர் காட்டி நின்றுவிடும், சர்வீஸ் ஆள் வந்து தண்ணீர் லைனைச் சரி பண்ணுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் குறைந்தபட்சத் தண்ணீர் அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார் என்றோ எம்.பி.ஏ. என்றோ இருக்கும், 0.05 எம்.பி.ஏ. என்றால் அரை பார். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் டேங்கின் அடியிலிருந்து மெஷின் டேப் வரை 20 அடி இருக்கும் என்று நினைக்கிறேன், அப்படியானால் 0.6 பார். புத்தகத்தில் 0.3, 0.5 என்றால் கவலையில்லை. 1 என்று போட்டிருந்தால் சின்ன பிரஷர் பம்ப் இல்லாமல் ஒழுங்காக ஓடாது, எந்த லைனில் எடுத்தாலும் சரி. வேலைக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

மொட்டைமாடி வேலையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், கூட நின்று பார்க்க உதவும். முதலில் அங்கே ஓடுவது சி.பி.வி.சி.தானா என்று உறுதிப்படுத்துங்கள். வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும், மேலே ஐ.எஸ். 15778 என்று அச்சடித்திருக்கும். வெள்ளையாக இருந்தால் அது யு.பி.வி.சி. என்கிற வேறு வகை பிளாஸ்டிக். இரண்டையும் முக்கால் இன்ச், ஒரு இன்ச் என்றே கூப்பிடுவார்கள், ஆனால் ஒன்றுக்கொன்று சேராது. முக்கால் இன்ச் சி.பி.வி.சி.யின் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர், மரை போடுகிற வெள்ளை முக்கால் இன்ச் 26.7. பசையும் வேறு வேறு. நிறம் மாறிய இடத்தில் ஒட்டுவதற்குப் பதிலாக மரை வைத்த அடாப்டர் போட்டுத்தான் இணைக்க வேண்டும். அறுத்தெடுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகச் சொல்வது இதனால்தான்.

டேங்கிலிருந்து வெளியே வரும் பைப் ஒரு இன்ச்சோ ஒன்றேகாலோ இருக்கும். டேங்கை விட்டு வந்ததும், மற்ற கிளைகள் பிரிவதற்கு முன்னால் டீ போடச் சொல்லுங்கள். பாத்ரூமுக்கு இறங்கும் அரை இன்ச்சின் வாலில் போட்டால், அங்கே குளிக்கும்போது மெஷின் பட்டினி கிடக்கும். ஒரு இன்ச் பைப் டீக்குள் 23 மில்லிமீட்டர் போக வேண்டும், இரண்டு பக்கமும். அதற்காகப் பைப்பை அவ்வளவு தூரம் பின்னால் இழுத்து விட வேண்டும். மொட்டைமாடியில் நாலைந்து கிளாம்பைக் கழற்றினால் பைப் வளைந்து கொடுக்கும். கொடுக்கவில்லை என்றால் ஒரு பக்கம் யூனியன் வைத்துவிடலாம். அப்படியும் பிடிவாதமாக இழுத்து, பாதி மட்டும் நுழைத்து, மேலே பசையை அப்பி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நுழைக்க வேண்டிய ஆழத்தை ஒட்டுவதற்கு முன்னாலேயே பைப்பில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டால், ஒட்டிய பிறகு அந்தக் கோடு டீயின் வாயைத் தொட்டு நிற்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

சி.பி.வி.சி. ஜாயின்ட்டுக்கு எதிரி ஈரம். உங்கள் டேங்க் வால்வு 2012-ல் போட்டது. மூடினாலும் கொஞ்சம் பாஸ் ஆகும். அறுத்த பைப்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது ஒட்டினால், ஒட்டிய அன்று தெரியாது, பத்து நாள் கழித்து ஊசிமுனை அளவு ஓட்டையில் கசியும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே டேங்கைக் காலி ஆக விடுங்கள், கீழ்த் தளத்து டேப் ஒன்றைத் திறந்து வைத்து லைனில் நிற்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். வீட்டில் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருந்தால் மோட்டாரின் எம்.சி.பி. சுவிட்சையே கீழே இறக்கிவிடுங்கள். டேங்க் காலி என்று அது தானாக மோட்டாரைப் போட்டுவிடும், ஆள் மேலே பசையும் கையுமாக உட்கார்ந்திருப்பார். குடிக்க, சமைக்க இரண்டு குடம் பிடித்து வைக்க மறக்காதீர்கள்.

ஒட்டுகிற விதம்: வெட்டு நேராக இருக்க வேண்டும், உள்ளும் புறமும் பிசிறைச் சீவி, துணியால் துடைத்து, பைப்பில் தாராளமாகவும் டீயின் உள்ளே மெல்லிசாகவும் பசை தடவி, கால் சுற்று திருகியபடி முழு ஆழத்துக்குத் தள்ளி, அரை நிமிஷம் கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். உடனே விட்டால் பைப் மெல்லப் பின்னால் நழுவும். உச்சி வெயிலில் இதைச் செய்யக் கூடாது, தள்ளுவதற்குள் பசை காய்ந்துவிடும். எத்தனை மணி நேரம் கழித்துத் தண்ணீர் விடலாம் என்பது பசை டப்பாவிலேயே இருக்கும். சாயங்காலம் ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தண்ணீர் திறப்பதுதான் என் வழக்கம்.

டீயை ஒட்டிப் புது லைனுக்கென்று ஒரு பால் வால்வு கட்டாயம். நாளைக்குக் கீழே ஏதாவது கசிந்தால் வீட்டுக்கே தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது. வால்வுக்கு அடுத்து ஏர் வென்ட், அதாவது டேங்கின் தண்ணீர் மட்டத்துக்கும் மேலே நீட்டி நிற்கிற காற்றுக் குழாய். ஏற்கெனவே ஒன்று நிற்கும், புதுக் கிளைக்கும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.

காற்று என்றதும் கைப்பிடிச்சுவர் விஷயம் ஒன்று. டேங்கிலிருந்து வரும் பைப்பைத் தரையோடு கொண்டுவந்து, கைப்பிடிச்சுவர் மேல் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்குவது சுலபம் என்பதால் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஏறி இறங்குகிற அந்த மேட்டில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். டேங்கில் தண்ணீர் நிறைய இருக்கும்போது தள்ளிக்கொண்டு வந்துவிடும், பாதிக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். பம்ப் வைத்த லைனில் இது தெரியாது. உயரத்தை மட்டும் நம்பி ஓடுகிற லைனில் ஒவ்வொரு வாரமும் படுத்தும். தரை மட்டத்தை ஒட்டிக் கைப்பிடிச்சுவரில் ஓட்டை போட்டுப் பைப்பை வெளியே விடச் சொல்லுங்கள், டேங்கிலிருந்து டேப் வரை எங்கேயும் ஏற்றம் இல்லாமல் இறங்கிக்கொண்டே போகட்டும். ஓட்டையைச் சுற்றி மழைத் தண்ணீர் இறங்காதபடி சிமென்ட்டால் நன்றாக அடைக்க வேண்டும், அதை அவர் மறப்பார், நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

இறங்கும் பைப்பை ஒரு இன்ச்சிலேயே கொண்டுவாருங்கள். அடியில் மட்டும் அரை இன்ச்சாகக் குறைக்கலாம். கிளாம்ப் மூன்றடிக்கு ஒன்று, ஆனால் கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்க வேண்டாம். எட்டு மீட்டர் சி.பி.வி.சி. வெயிலுக்கும் குளிருக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும், வழுக்கிப் போக இடம் வேண்டும். வெயில் படுகிற பகுதிக்கு வெளிச்சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் பெயின்ட் இரண்டு கோட். எனாமல் வேண்டாம், அதில் உள்ள கரைப்பான் இந்தப் பைப்புக்கு ஆகாது.

கீழே டேப் மாட்டும் இடத்தில் பித்தளை மரை வைத்த எல்போ போடச் சொல்லுங்கள். முழு பிளாஸ்டிக் மரையில் பித்தளை டேப்பை இறுக்கினால் வாய் பிளக்கும், உடனே இல்லை, மூன்று மாதம் கழித்து. ஜி.ஐ. காலத்துப் பழக்கத்தில் மரையில் சுற்றச் சணலும், பூச வெள்ளை லெட் பசையும் எடுத்தால் தடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பக்கத்தில் டெஃப்லான் டேப் (மரையில் சுற்றுகிற மெல்லிய நாடா) மட்டும், திருகுகிற திசையிலேயே பத்துப் பன்னிரண்டு சுற்று. கையால் இறுகும் வரை திருகி, பிறகு ரிஞ்சில் ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரை. அப்போது எல்போவை இன்னொரு ரிஞ்சால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நேற்று ஒட்டிய ஜாயின்ட் சுழலும். டேப் வாங்கும்போது வாஷிங் மெஷின் டேப் என்று கேட்டு வாங்குங்கள். சுவர்ப் பக்கம் அரை இன்ச், ஹோஸ் பக்கம் முக்கால் இன்ச் மரை இருக்கும். இரண்டு வாய் உள்ளது வாங்கினால் பக்கெட்டும் பிடிக்கலாம். போர் தண்ணீர் என்பதால் டேப்புக்கு முன்னால் சின்ன ஃபில்டர் ஒன்று போட்டால் மண் நிற்கும். உப்பை அது ஒன்றும் செய்யாது. மெஷின் ஓடாத நேரத்தில் டேப்பை மூடி வைக்க அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், ராத்திரியில் ஹோஸ் பிய்ந்தால் டேங்க் தண்ணீர் முழுக்கப் பின்கட்டில் நிற்கும்.

தண்ணீர் உள்ளே போவதைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள், வெளியே போவதையும் யோசித்துவிடுங்கள். டிரெயின் ஹோஸை எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். தரையில் சும்மா போட்டுவிட்டால் சில மெஷின்களில் ஏறுகிற தண்ணீர் ஏறியபடியே வடிந்து போகும். பிளக் பாயின்ட் டேப்புக்கு நேர் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள்.

மாமா சொன்ன கார்ப்பரேஷன் பைப். அதில் எப்போதும் தண்ணீர் ஓடாது, மெஷினோ துவைக்கிற நடுவில் மூன்று நான்கு தடவை தண்ணீர் கேட்கும். அது சின்ன விஷயம். தண்ணீர் நின்ற நேரத்தில் தெருப் பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகி, இணைத்து வைத்திருப்பதை உள்ளே உறிஞ்சும். மெஷின் சோப்புத் தண்ணீரோ, யாராவது போர் லைனையும் அதையும் ஒரு வால்வு வைத்துச் சேர்த்திருந்தால் அந்தப் போர் தண்ணீரோ, தெருவில் எல்லோரும் குடிக்கிற லைனுக்குள் போகும். வீட்டுக்குள் இந்த இரண்டு லைனும் எந்த இடத்திலும் ஒட்டக் கூடாது. கார்ப்பரேஷன் தண்ணீர் சம்ப்பில் விழட்டும், அங்கிருந்து டேங்குக்கு ஏறட்டும்.

பழைய ஜி.ஐ. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். காலையில் முதலில் திறக்கும் தண்ணீர் பழுப்பாக வருகிறதா, சுவரில் எங்காவது பெயின்ட் உப்பி உதிர்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அவசரம் இல்லை. என்றைக்கு பாத்ரூம் டைல்ஸ் மாற்றுகிறீர்களோ அன்றைக்கு அந்த லைனை மாற்றலாம். அதற்காகத்தான் இறங்கும் பைப்பை ஒரு இன்ச்சில் கேட்டேன். பாத்ரூம் சுவருக்கு நேரே ஒரு டீயும், கிச்சன் பின்சுவருக்கு நேரே ஒரு டீயும் இப்போதே வைத்து, வாயை டம்மியால் அடைத்துவிடச் சொல்லுங்கள். சாமான் விலை கொஞ்சம்தான் கூடும். பிறகு பழைய பைப்பைச் சுவருக்குள்ளேயே செத்துக் கிடக்க விட்டுவிட்டு, ஒவ்வொரு அறையாக இந்தப் புது லைனுக்கு மாற்றிக்கொள்ளலாம், பணம் இருக்கும்போது.

இந்த வேலைக்கு முதலாமவரின் 2,500 போதாது, 60,000-ன் பக்கமும் போகாது. இரண்டு பேரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் டீ எங்கே வரும், வால்வு எங்கே, வென்ட் எங்கே, கைப்பிடிச்சுவரை எப்படித் தாண்டுவீர்கள் என்று கேளுங்கள். சாமான் தனி, கூலி தனி என்று எழுதி வாங்குங்கள். முடிந்ததும் டேங்க் நிறைய இருக்கும்போது வால்வைத் திறந்து, கீழே டேப்பை மூடி ஒரு ராத்திரி விட்டு, காலையில் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பாருங்கள். பேப்பர் நனையவில்லை என்றால் பாக்கிக் கூலியைக் கொடுத்துவிடலாம்.